மோட்டாரை அசையாமல் மாட்டுவது எப்படி: போல்ட், நட், வாஷர், ரிவெட் – தேர்விலிருந்து இறுக்கம் வரை

பட்டறையில் புதிதாகச் சேர்ந்த தம்பியை "பத்து எம்.எம். போல்ட் நாலு வாங்கிட்டு வா" என்று கடைக்கு அனுப்பினேன். அவன் போய் "பத்து போல்ட் நாலு குடுங்கண்ணா" என்று கேட்டிருக்கிறான். வந்தது எம்6. தப்பு அவன்மேல் இல்லை. வண்டி மெக்கானிக்குகள் போல்ட்டை ஸ்பேனர் அளவால்தான் சொல்வார்கள். பத்தாம் நம்பர் ஸ்பேனர் போடும் போல்ட் அவர்களுக்குப் பத்து போல்ட். அதன் மரையின் (உடம்பில் ஓடும் திருகு வெட்டின்) விட்டம் 6 மி.மீ.; எம்6 என்பது அதுதான். லேத் பட்டறையில் பத்து என்றால் மரையின் விட்டமே பத்து. அதற்கு 17 ஸ்பேனர் வேண்டும்.

இப்படிப்பட்ட குழப்பங்களைப் பல வருடம் பார்த்த பிறகு எழுதுகிறேன். பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரே வேலையை எடுத்துக்கொள்வோம்: 3 எச்.பி. மோட்டார் ஒன்றை இரும்பு பேஸ் தட்டில் மாட்டி, பெல்ட் போட்டு ஓட்ட வேண்டும். பாதத்தில் நான்கு ஓட்டைகள், ஒவ்வொன்றும் 12 மி.மீ. மற்ற வகைகளை வழியில் அங்கங்கே தொட்டுப் போவோம்.

1. போல்ட்டுக்கு முன்னால் இணைப்பைப் பாருங்கள்

புதியவர்கள் டப்பாவில் கிடக்கும் போல்ட்டை எடுத்து, அது போகும் ஓட்டையைத் தேடுகிறார்கள். தலைகீழ் வேலை. முதலில் கேட்க வேண்டியவை இரண்டு: இதைத் திரும்பக் கழற்றுவோமா? எத்தனை பக்கத்திலிருந்து கை போகும்?

கழற்றவே போவதில்லை, மெல்லிய தகடு, பின்பக்கம் கை போகாது என்றால் பாப் ரிவெட், அதாவது ஒரு பக்கத்திலிருந்தே இழுத்து அடைக்கும் ஆணி. 3.2 மி.மீ. ரிவெட்டுக்கு 3.3 டிரில், 4.8 ரிவெட்டுக்கு 4.9 டிரில். "கொஞ்சம் தாராளமா இருக்கட்டும்" என்று 5.5 போட்டால் ரிவெட் ஓட்டையை நிரப்பாது, தகடு ஆடும். ரிவெட்டின் நீளம் ஏறத்தாழ தகடுகளின் மொத்தத் தடிமனோடு விட்டத்தில் ஒன்றரை மடங்கைக் கூட்டிய அளவு.

கழற்ற வேண்டும், இரண்டு பக்கமும் கை போகும் என்றால் போல்ட்டும் நட்டும். பழுதானால் இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு போடலாம் என்பதே இதன் பெரிய வசதி.

ஒரு பக்கம்தான் கை போகும் என்றால் உடம்பிலேயே டேப் அடித்து, அதாவது ஓட்டைக்குள் மரை வெட்டி, போல்ட் போட வேண்டும். அந்த உடம்பு வார்ப்பிரும்போ அலுமினியமோ, மாதம் ஒருமுறை திறக்கும் மூடியோ என்றால் ஸ்டட் (தலையில்லாத, இரண்டு முனையிலும் மரையுள்ள தண்டு) போடுங்கள். போல்ட்டை ஏற்றி இறக்க ஏற்றி இறக்க வார்ப்பின் மரைதான் தேயும். ஸ்டட் அங்கேயே இருந்துவிடும். தேய்வது ஐந்து ரூபாய் நட்.

தலை வெளியே நீட்டக்கூடாத இடத்தில் ஆலன் போல்ட் (தலையில் அறுகோணக் குழி உள்ளது). தகட்டோடு சமமாக அமர வேண்டுமென்றால் கவுண்டர்சங்க் தலை. ஆனால் கவுண்டர்சங்க் தலை கூம்பு வடிவம் என்பதால், கூம்புக் குழியை மையமாகப் பிடித்துத்தான் அமரும். இரண்டு ஓட்டைகள் அரை மி.மீ. விலகியிருந்தால் சாதாரண போல்ட் பொறுத்துக்கொள்ளும், இது பொறுக்காது.

இரண்டு பாகங்கள் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் துல்லியமாக உட்கார வேண்டுமா? அது போல்ட்டின் வேலை இல்லை. டவல் பின் (ஓட்டையில் இறுக்கமாக அமரும், மரையில்லாத உருளைக் கம்பி) போடுங்கள். பின் இடத்தைக் காக்கட்டும், போல்ட் இறுக்கிப் பிடிக்கட்டும். ஷாஃப்ட்டில் பேரிங் நகராமல் நிறுத்த சர்க்ளிப், அதாவது பள்ளத்தில் மாட்டும் ஸ்பிரிங் வளையம். புல்லியைச் சுழற்றும் விசையை ஏற்க கீ, அதாவது ஷாஃப்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவே காடியில் சொருகும் இரும்புக் கட்டை. கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத சின்னத் திருகு) அந்தப் புல்லி பக்கவாட்டில் ஓடாமல் பார்த்துக்கொள்வதற்கு மட்டும். கீயே இல்லாமல் கிரப் ஸ்க்ரூவை நம்பிய ஷாஃப்ட்டுகள் எங்கள் பட்டறைக்கு வாரம் ஒன்று வரும், சுற்றிலும் கோடு கிழிந்து.

கூரைத் தகட்டுக்கு செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ. அதன் ரப்பர் வாஷர் லேசாகப் பிதுங்கியதும் நிறுத்த வேண்டும், நசுங்கினால் ஒழுகும். செங்கல் சுவருக்கு ரால் பிளக்கும் ஸ்க்ரூவும். கான்கிரீட்டுக்கு ஆங்கர் போல்ட். டிரில் போட்ட தூளை ஊதி வெளியேற்றாமல் அடித்தால் அது கான்கிரீட்டைப் பிடிக்காமல் தூளைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

நம் மோட்டாருக்கு இரண்டு பக்கமும் கை போகிறது. போல்ட்டும் நட்டும் போதும்.

2. தொடங்கும் முன் மேசையில் இருக்க வேண்டியவை

வெர்னியர் (விட்டம் அளக்க), பிட்ச் கேஜ் (மரை இடைவெளி பார்க்க), ஃபீலர் கேஜ் (சந்து அளக்கும் மெல்லிய தகடுகள்), இரண்டு ரிங் ஸ்பேனர், ஒரு டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்), சென்டர் பன்ச், கம்பி பிரஷ், எண்ணெய், பெயின்ட் மார்க்கர். ஸ்க்ரூ ஸ்பேனரைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வையுங்கள். அதன் தாடை எப்போதும் கொஞ்சம் லூசாகத்தான் நிற்கும்; அறுமுகத் தலையின் மூலைகளை மழுக்குவதில் அதை மிஞ்ச ஆளில்லை.

ஸ்பேனர் வாங்கும் முன் ஒரு விஷயம். எம்6-க்கு 10, எம்8-க்கு 13, எம்16-க்கு 24. இவை மாறாது. ஆனால் எம்10-க்கு 17 என்றும் 16 என்றும், எம்12-க்கு 19 என்றும் 18 என்றும் இரண்டு தலைகள் கடைகளில் புழங்குகின்றன. பழைய ஜெர்மன் அளவு ஒன்று, இப்போதைய சர்வதேச அளவு ஒன்று. ஒரே இயந்திரத்தில் இரண்டையும் கலக்காதீர்கள். 16 தலைக்கு 17 ஸ்பேனர் போட்டு வழுக்கிய பிறகுதான் எல்லோருக்கும் இது தெரியவரும்.

3. மரையை அடையாளம் காணுங்கள்

வெர்னியரில் போல்ட்டின் வெளி விட்டத்தை அளந்தால் எம்10 சரியாக 10 காட்டாது, 9.8 பக்கத்தில் காட்டும். அது பழுது இல்லை. நட் ஏறுவதற்கு விட்ட இடைவெளி.

அடுத்தது பிட்ச், அதாவது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம். எம்6-க்கு 1, எம்8-க்கு 1.25, எம்10-க்கு 1.5, எம்12-க்கு 1.75, எம்16-க்கு 2. கேஜ் இல்லையென்றால் பத்து மரைகளின் நீளத்தை அளந்து பத்தால் வகுங்கள். அதற்கும் சோம்பலாக இருந்தால், தெரிந்த போல்ட் ஒன்றைப் பக்கத்தில் வைத்து மரையோடு மரை பொருத்தி வெளிச்சத்தில் பிடியுங்கள். இடையில் ஒளி தெரியாவிட்டால் பிட்ச் ஒன்றுதான்.

நம் ஊரில் அங்குலக் கணக்கு இன்னும் போகவில்லை. ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒன்று. மூணு நூல் போல்ட் 9.5 மி.மீ. விட்டம், பார்வைக்கு எம்10-இன் தம்பி மாதிரி இருக்கும். எம்10 நட் அதில் லூசாக ஏறி, சில சுற்றுகளில் பிடித்துக்கொள்ளும். "கொஞ்சம் டைட்டா இருக்கு" என்று ஸ்பேனர் போட்டுத் திருகினால் இரண்டு மரையும் போச்சு. அரை இஞ்ச்சிலும் இதே வம்பு உண்டு: பிரிட்டிஷ் மரையில் அங்குலத்துக்கு 12, அமெரிக்க மரையில் 13. வண்டிகளில் எம்10 × 1.25 என்று நெருக்கமான மரையும் வரும்.

அதனால் ஒரே விதி: நட் கடைசிவரை விரலால் ஏற வேண்டும். விரலால் ஏறாத நட்டுக்கு ஸ்பேனர் மருந்தில்லை. ஒட்டியிருக்கும் பிசிறைத் துடைத்துப் பாருங்கள், பிட்ச்சைப் பாருங்கள், இல்லையென்றால் மாற்றுங்கள். ஏற்றும் முன் ஒரு சுற்று எதிர்ப்பக்கம் திருப்பினால் மரை "டக்" என்று விழும் இடம் கையில் தெரியும். அங்கிருந்து தொடங்கினால் மரை குறுக்கே ஏறாது.

இடது மரையையும் மறக்க வேண்டாம். பெஞ்ச் கிரைண்டரின் இடதுபக்கக் கல், சைக்கிளின் இடது பெடல், அசிட்டிலீன் ரெகுலேட்டரின் நட் ஆகியவை எதிர்ப்பக்கம் கழலும். அசிட்டிலீன் நட்டின் மூலைகளில் சின்ன வெட்டு இருக்கும். அது இடது மரைக்கான அடையாளம்.

4. தலையில் இருக்கும் எண்ணைப் படியுங்கள்

தலையில் தயாரிப்பாளரின் குறியும் 8.8, 10.9, 12.9 போன்ற எண்ணும் இருக்கும். முதல் எண்ணை நூறால் பெருக்கினால் அறுபடும் வலிமை, மெகா பாஸ்கலில். அதோடு இரண்டாவது எண்ணைப் பத்தில் ஒரு பங்காகப் பெருக்கினால், போல்ட் எந்த இடத்தில் நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்பது கிடைக்கும். 8.8 என்றால் 800-இல் அறும், 640-இல் நீளத் தொடங்கும். 12.9 என்றால் 1200, 1080.

எண்ணே இல்லாமல் கிலோ கணக்கில் கிடைக்கும் எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) போல்ட்டை 4.6 என்று மட்டும் நம்புங்கள்: 400, 240. கேட்டுக்கும் கிரில்லுக்கும் அது போதும். சுழலும் எதற்கும் எச்.டி. (ஹை டென்சைல்) போல்ட், குறைந்தது 8.8, என்பது என் பழக்கம். அதற்காக எல்லா இடத்திலும் 12.9 என்று ஓட வேண்டாம். கடினமான போல்ட் வளைந்து எச்சரிக்காமல் சட்டென்று முறியும். மின்முலாம் பூசிய 12.9-க்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம்.

நட்டுக்கும் தரம் உண்டு. 8.8 போல்ட்டுக்கு நட்டில் 8 என்று இருக்க வேண்டும். போல்ட்டை மட்டும் நல்லதாக வாங்கி நட்டை டப்பாவிலிருந்து எடுத்தால், இறுக்கும்போது நட்டின் உள் மரை மெல்ல மெல்ல உரிந்துவரும். போல்ட் முறிந்தால் கண்ணுக்குத் தெரியும். நட் உரிவது வெளியே தெரியாது, ஆபத்து அங்கேதான்.

எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட் துருப்பிடிக்காது என்பதால் வலிமை அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். ஏ2-70 என்றால் 700 மெகா பாஸ்கல், 8.8-ஐ விடக் குறைவு. மேலும் எஸ்.எஸ். நட்டை எஸ்.எஸ். போல்ட்டில் வேகமாக ஏற்றினால் மரைகள் உரசி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். மரைக்கு ஆன்டி-சீஸ் பேஸ்ட் தடவி, மெதுவாக, கையால் ஏற்றுங்கள்.

5. நீளத்தைக் கணக்கிட்டு வாங்குங்கள்

பாதம் 13 மி.மீ., பேஸ் தட்டு 10, வாஷர் இரண்டும் சேர்ந்து 4, நட்டின் உயரம் 8, நட்டுக்கு வெளியே இரண்டு மரை 3. மொத்தம் 38. கடையில் எம்10 × 40 கேளுங்கள்.

வெளியே இரண்டு மரை எதற்கு? போல்ட்டின் நுனி மரை முழுமையாக இருக்காது. அது நட்டுக்குள் நின்றால் நட்டின் ஒரு பகுதி வெறுமையைப் பிடிக்கிறது. அதற்காக 60 மி.மீ. வாங்கி நீட்டிக்கொண்டு நிற்க விட்டாலும் வம்பு: துருப்பிடித்து, கழற்றும்போது நட் அந்த நீளம் முழுக்கச் சண்டை போடும்.

அளவு தலைக்குக் கீழிருந்துதான் தொடங்கும். கவுண்டர்சங்க் மட்டும் விதிவிலக்கு, தலையையும் சேர்த்துச் சொல்வார்கள். பக்கவாட்டு வெட்டு விசையைத் தாங்கவே போடும் போல்ட் என்றால் பாதி மரை உள்ளதை வாங்குங்கள். இரு தகடுகள் சந்திக்கும் இடத்தில் மரையில்லாத தண்டு நிற்க வேண்டும். மரையின் பள்ளம்தான் முதலில் வெட்டுப்படும் இடம்.

6. ஓட்டை

எம்6-க்கு 6.6, எம்8-க்கு 9, எம்10-க்கு 11, எம்12-க்கு 13.5. பேஸ் தட்டில் சென்டர் பன்ச் குத்தி, 5 மி.மீ. பைலட் போட்டு, பிறகு 11 போடுங்கள். பைலட் இல்லாமல் நேரே 11 வைத்தால் டிரில் குறியை விட்டு நழுவும்; நான்கு ஓட்டையில் ஒன்று விலகினால் போதும், போல்ட் சாய்ந்து ஏறும்.

டிரில் போட்டதும் ஓட்டையின் விளிம்பில் பிசிறு நிற்கும். பெரிய டிரில் ஒன்றைக் கையால் வைத்து அரைச் சுற்று சுற்றினால் போய்விடும். பத்து விநாடி வேலை. இதை விட்டால் என்ன ஆகும் என்பது 8-ஆவது பகுதியில் தெரியும்.

டேப் அடிப்பதாக இருந்தால் டிரில் வேறு: எம்6-க்கு 5, எம்8-க்கு 6.8, எம்10-க்கு 8.5, எம்12-க்கு 10.2. போல்ட் உள்ளே பிடிக்க வேண்டிய ஆழம் இரும்பில் விட்டத்தின் அளவு, வார்ப்பிரும்பில் ஒன்றரை மடங்கு, அலுமினியத்தில் இரண்டு மடங்கு. அடி மூடிய ஓட்டையில் எண்ணெய் தேங்கியிருக்கும்போது போல்ட்டை இறுக்காதீர்கள். எண்ணெய் சுருங்காது, போல்ட் பிஸ்டனாகி வார்ப்பைப் பிளந்துவிடும்.

7. வாஷர்

தலையும் நட்டும் தட்டில் புதையாமல் அழுத்தத்தைப் பரப்புவதும், திருகும்போது சீரான பரப்பைத் தருவதும்தான் வாஷரின் வேலை. ஒன்றுதான் இருக்கிறது என்றால், நீங்கள் திருகப்போகும் பக்கத்தில் போடுங்கள். பெல்ட்டை இறுக்க மோட்டாரை நகர்த்தும் நீள்துளை பேஸ் என்றால், அந்தப் பக்கம் தடிமனான பெரிய வாஷர் கட்டாயம். மெல்லிய வாஷர் நீள்துளைக்குள் கிண்ணம் போலக் குழிந்துவிடும்.

ஸ்பிரிங் வாஷரைப் பற்றி 10-இல் சொல்கிறேன். பலருக்குப் பிடிக்காது.

8. பரப்பைச் சுத்தம் செய்து, பாதம் நாலும் அமர்கிறதா பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

எம்10, 8.8 போல்ட்டைச் சரியாக இறுக்கினால் அதற்குள் ஏறத்தாழ 2½ டன் இழுவிசை ஏறும். போல்ட் ஒரு கெட்டியான ஸ்பிரிங். அது நீண்டு, திரும்பிச் சுருங்கப் பார்ப்பதால்தான் பாதமும் தட்டும் நசுங்கிச் சேர்ந்து நிற்கின்றன. நான்கு போல்ட்டும் சேர்ந்து 10 டன் அழுத்துகிறது. பாதத்துக்கும் தட்டுக்கும் நடுவே உராய்வு அதில் ஏழில் ஒரு பங்கு என்றாலும் சுமார் 1½ டன் பக்கவாட்டு விசை வந்தால்தான் மோட்டார் நகரும். இந்த மோட்டாரின் பெல்ட் அவ்வளவு இழுக்காது. அதாவது பெல்ட்டின் இழுப்பு போல்ட்டின் உடம்பைத் தொடுவதே இல்லை. உராய்வே அதைத் தாங்கிவிடுகிறது.

சரி, அந்த ஸ்பிரிங் எவ்வளவு நீள்கிறது? 25 மி.மீ. பிடிப்பில் சுமார் 0.05 மி.மீ. அவ்வளவுதான். ஒரு பூச்சு பெயின்ட்டின் தடிமன்.

நான் இதைப் பாடமாகக் கற்ற நாள் நினைவிருக்கிறது. பேஸ் தட்டுக்கு அழகாக இரண்டு கோட் பச்சை பெயின்ட் அடித்து, காய்ந்தும் காயாமலும் மோட்டாரை ஏற்றி, நன்றாக இறுக்கிவிட்டு வீட்டுக்குப் போனேன். மூன்றாம் நாள் மோட்டார் குதிக்கிறது என்று கூப்பிட்டார்கள். நட்டை விரலால் சுற்ற முடிந்தது. யாரும் கழற்றவில்லை, எதுவும் முறியவில்லை. வாஷருக்கு அடியில் இருந்த பெயின்ட் நசுங்கி வெளியே வந்திருந்தது. போல்ட் நீண்டிருந்த 0.05 மி.மீ.-ஐ பெயின்ட் தின்றுவிட்டது.

பிசிறும் துருச் செதிலும் வெல்டிங் துளியும் இதையேதான் செய்யும். ஆகவே பாதம் அமரும் இடத்திலும் வாஷர் அமரும் இடத்திலும் வெறும் இரும்பு தெரியும்வரை பிரஷ் போடுங்கள். பெயின்ட் எல்லாம் இறுக்கிய பிறகு.

அடுத்து, நான்கு பாதமும் ஒரே தளத்தில் அமர்கிறதா? மூன்று போல்ட்டை இறுக்கி, நான்காவதை லூசாக விட்டு, அதன் பாதத்துக்கு அடியில் ஃபீலர் கேஜ் நுழையுங்கள். 0.05-க்கு மேல் போனால் அந்த இடைவெளிக்குத் தகடு வெட்டிச் சொருகுங்கள். இப்படி நான்கையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். இடைவெளியை போல்ட்டால் இழுத்து மூடினால் மோட்டாரின் உடம்பு முறுகும், பேரிங் சூடேறும். பழி பேரிங் மேல் போகும்.

9. இறுக்குதல்

முதலில் நான்கையும் விரலால் ஏற்றுங்கள். பெல்ட்டின் நேர்கோட்டைச் சரிபாருங்கள். பிறகுதான் ஸ்பேனர்.

தலையை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருகுங்கள். மூலைக்கு எதிர்மூலை என்ற வரிசையில், ஒரே மூச்சில் முழு இறுக்கத்துக்குப் போகாமல் மூன்று சுற்றாக: முதலில் 20 நியூட்டன் மீட்டர் (திருகும் பலத்தின் அளவு), அப்புறம் 35, கடைசியில் 50. கடைசியாக ஒருமுறை வரிசையாகச் சுற்றி வாருங்கள், எதுவும் நகரக்கூடாது. முதல் போல்ட்டையே முழுதாக இறுக்கினால் அந்த மூலை அமர்ந்து எதிர்மூலை தூக்கும். அடுத்ததை இறுக்கும்போது முதலாவது தளரும். சிலிண்டர் ஹெட், பம்ப் ஃபிளேஞ்ச், கார் சக்கரம் எல்லாவற்றுக்கும் இதே பழக்கம்.

8.8 போல்ட்டுக்கு நான் வைத்திருக்கும் கணக்கு: எம்6-க்கு 10, எம்8-க்கு 25, எம்10-க்கு 50, எம்12-க்கு 85, எம்16-க்கு 200 பக்கம். இயந்திரத்தின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுதான் சட்டம்.

இந்த எண்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். எம்6-க்கும் எம்16-க்கும் இருபது மடங்கு வித்தியாசம். ஆனால் திருகுவது ஒரே கை. அதனால்தான் கைக்கணக்கில் இறுக்குபவர் எம்6-ஐ முறிக்கிறார், எம்16-ஐ லூசாக விடுகிறார். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் நெம்புகோல் கணக்காவது போடுங்கள். 200 மி.மீ. நீள ஸ்பேனரின் நுனியில் 50 வேண்டுமென்றால் 25 கிலோ இழுக்க வேண்டும். ஒருமுறை தராசுக் கொக்கியை ஸ்பேனரில் மாட்டி 25 கிலோ இழுத்துப் பாருங்கள், கை மறக்காது. குழாய் சொருகி நீட்டும் வேலை எம்12-க்குக் கீழே வேண்டவே வேண்டாம்.

நீங்கள் போடும் பலத்தில் பாதி நட்டின் அடிப்பரப்பு உராய்விலும், பத்தில் நாலு பங்கு மரை உராய்விலும் போய்விடுகிறது. போல்ட்டை இழுப்பது மிச்சமிருக்கும் பத்தில் ஒன்றுதான். எனவே மரையில் மண் இருந்தால் ரெஞ்ச் 50 காட்டும், போல்ட்டுக்குள் பாதிகூட ஏறியிருக்காது. மாறாக எண்ணெய் தாராளமாகப் போட்டால் உராய்வு குறைந்து, அதே 50-இல் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும். எண்ணெய் போட்டால் கால் பங்கு குறைத்துக்கொள்ளுங்கள்.

ரெஞ்ச் "கிளிக்" என்றதும் நிறுத்துங்கள். இன்னொரு கிளிக் கேட்டால்தான் திருப்தி என்பவர்கள் அளவுக்கு மேலே போகிறார்கள். இறுக்கிக்கொண்டே வரும்போது திடீரென்று லேசானால் அதோடு நிறுத்திவிடுங்கள்: போல்ட் நீள்கிறது அல்லது மரை உரிகிறது. கழற்றி, இரண்டையும் மாற்றுங்கள்.

10. கழலாமல் பூட்டுதல்

சரியான இறுக்கம்தான் முதல் பூட்டு. அதற்கு மேல்தான் மற்றவை.

பக்கவாட்டில் ஆடும் அதிர்வுதான் நட்டைக் கழற்றும். தகடுகள் துளித்துளியாகச் சறுக்கும்போது மரையின் உராய்வு அந்த நொடிக்கு இல்லாமல் போகிறது, நட் தானாகப் பின்னால் நடக்கிறது. ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-இல் வெளியிட்ட சோதனைகள் இதைத்தான் காட்டின. சாதாரண ஸ்பிரிங் வாஷர் அந்த அதிர்வின் முன் நிற்பதில்லை. முழு இறுக்கத்தில் அது தட்டையாகிவிடும். அதன் ஸ்பிரிங் பலம் போல்ட்டின் 2½ டன்னுக்கு முன்னால் ஒன்றுமேயில்லை. வீட்டு மேசைக்குப் போடுங்கள். மோட்டாருக்கு அதை நம்பாதீர்கள்.

நம் மோட்டாருக்கு நைலாக் நட் போதும். நைலான் வளையத்தைத் தாண்டி இரண்டு மரை வெளியே வர வேண்டும். விரலால் முழுக்க ஏறுகிறது என்றால் வளையம் தேய்ந்துவிட்டது, தூக்கிப் போடுங்கள். (விரல் விதிக்கு இந்த ஒரு நட் மட்டும்தான் விலக்கு.) 120 டிகிரிக்கு மேல் சூடாகும் இடத்தில் இது வேண்டாம்.

டேப் அடித்த ஓட்டைக்கு மரைப் பசை. எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்துவிட்டு ஒரு சொட்டு. நீல வகை ஸ்பேனரால் கழலும்; சிவப்பு வகையைக் கழற்ற நெருப்பு காட்ட வேண்டும். எம்6-க்குச் சிவப்பைப் போட்டுவிட்டு என்னிடம் வராதீர்கள். குப்பி பாதிதான் நிரம்பியிருக்கிறதே என்று கடைக்காரரோடு சண்டையும் வேண்டாம். காற்று படாமல், உலோகத்தோடு சேரும்போது இறுகும் பசை அது; கெடாமல் இருக்கவே உள்ளே காற்று விட்டிருக்கிறார்கள்.

இரட்டை நட் போடுவதாக இருந்தால் மெல்லிய நட் கீழே, தடித்த நட் மேலே. பத்தில் ஒன்பது இடங்களில் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். கீழ் நட்டைப் பாதி இறுக்கம் வைத்து, ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மேல் நட்டை முழுதாக இறுக்க வேண்டும். கடைசியில் சுமையை ஏற்பது மேல் நட். அதனால்தான் அது தடியாக இருக்க வேண்டும்.

வெட்டுள்ள நட்டும் ஸ்ப்ளிட் பின்னும் போடும் இடத்தில், போல்ட்டின் ஓட்டையும் நட்டின் வெட்டும் நேராக வரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்க வேண்டும், தளர்த்தக் கூடாது. சக்கர பேரிங் நட் மட்டும் வேறு கதை, அதில் தளர்த்தித்தான் இடைவெளி வைப்பார்கள்.

11. குறி போடுங்கள், மறுநாள் வாருங்கள்

இறுக்கி முடித்ததும் போல்ட் நுனி, நட், தட்டு மூன்றையும் தொட்டு பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு. கோடு உடைந்திருந்தால் நட் நகர்ந்திருக்கிறது. தொடாமலே, மோட்டார் ஓடும்போதே, தூரத்திலிருந்து பார்த்துச் சொல்லிவிடலாம்.

ஒரு நாள் ஓடிய பிறகு மோட்டாரை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்து, அதே 50-இல் ரெஞ்சைப் போடுங்கள். பரப்புகளில் இருக்கும் நுண்ணிய மேடுகள் அமர்ந்திருக்கும். சிறிது ஏறினால் இயல்பு. அடுத்த வாரமும் ஏறினால், திரும்பத் திரும்ப இறுக்காமல் 8-ஆவது பகுதிக்குப் போங்கள். எங்கோ பெயின்ட்டோ பிசிறோ இடைவெளியோ இருக்கிறது.

12. கழற்றும் நாள்

துருப்பிடித்த நட்டைப் பார்த்தவுடன் குழாயைத் தேடாதீர்கள். கம்பி பிரஷால் வெளி மரையைச் சுத்தம் செய்து, துரு எண்ணெய் விட்டு, அரை மணி நேரம் டீ குடிக்கப் போங்கள். திரும்பி வந்து முதலில் இறுக்கும் பக்கம் லேசாக அசையுங்கள். துருவின் பிடி உடைவது அங்கேதான். பிறகு கால் சுற்று கழற்றி, கொஞ்சம் திரும்ப ஏற்றி, மறுபடி கழற்றி என்று வாருங்கள். அசையவே இல்லையென்றால் எண்ணெயைத் துடைத்துவிட்டு நட்டைச் சூடாக்குங்கள், போல்ட்டை அல்ல. நட் விரியட்டும். நைலாக் நட்டுக்கு இந்த வேலை வேண்டாம். வளையம் எரிந்து புகைதான் வரும்.

கழற்றிய போல்ட்டை டப்பாவில் போடும் முன் பக்கத்தில் ஒரு புதுப் போல்ட்டை வைத்து மரையோடு மரை பொருத்திப் பாருங்கள். நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கியிருந்தாலோ, மரைகள் ஓரிடத்தில் விலகி ஒளி தெரிந்தாலோ அது நீண்டுவிட்ட போல்ட். எங்கள் பட்டறையில் அதைக் குப்பையில் போடுவதோடு விடுவதில்லை. கட்டிங் கல்லில் தலையைத் துண்டித்துத்தான் போடுவோம். இல்லையென்றால் சனிக்கிழமை சாயங்காலம், கடை மூடிய நேரத்தில், யாராவது அதைத் தேடி எடுத்துவிடுவார்கள்.